உதைபட்டோர் அணி

மண்டியிட்டே வாழ்ந்து மறைந்த மனித குலம் இன்று தன் முழங்காலை மீட்டெடுத்துவிட்டது என்று டாக்டர் சோலைநாதன் அறிவித்தார். இனி வரலாற்றை இந்த முட்டிக்கு முன், இந்த முட்டிக்குப் பின் என்று இரண்டாகப் பிரித்துத்தான் எழுத வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். சொல்லி முடித்து அவர் தண்ணீர் குடிப்பதற்குள், மூன்றாவது வட்டச் செயலாளர் கருப்பணனின் முன்பற்கள் நான்கு மேடைக் கம்பளத்தில் சிதறிக் கிடந்தன. கம்பளம் சிவப்பாக இருந்தது ஒரு வசதி.

நடந்த இடம் மதுரை பைபாஸ் ரோட்டில் சோலை எலும்பு மருத்துவமனையின் முன்வாசல். மேடைக்குப் பின்னால் நாலு மாடி உயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ். அதில் டாக்டர் கைகட்டி நின்று, பைபாஸில் போகிற லாரிகளை எல்லாம் மன்னித்துக்கொண்டிருந்தார். காலடியில் 'மூட்டு மாமேதை' என்ற பட்டம். பட்டத்தை வழங்கியது மருத்துவமனை ஊழியர் சங்கம். சங்கத்தின் புரவலர் டாக்டர். மாமேதையின் சொந்த முட்டிகள் இரண்டும் தேய்ந்துபோனவை. அன்று மேடை ஏறும்போதுகூடக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டுதான் ஏறினார். ஆபரேஷன் செய்துகொள்ளப் பயம்.

ஆனால் அன்றைய முட்டி அவருடையதல்ல. அன்பு மக்கள் கழகத்தின் நிறுவனத் தலைவர், 'அன்புச்சுடர்' மாசிலாமணியின் வலது முட்டி. ஆட்சியே அவருடைய கட்சியின் ஆதரவில்தான் நின்றுகொண்டிருந்தது. அவரோ டாக்டர் பொருத்திய புது முட்டியில் நின்றுகொண்டிருந்தார்.

"முட்டி மாத்துறதுல என்ன சார் புதுசு? இப்பெல்லாம் பல்லு புடுங்குற மாதிரி ஆயிப்போச்சே" என்று கேட்டிருந்தார் ஒரு நிருபர்.

"மற்றதெல்லாம் மூட்டு. இது காவல் மூட்டு" என்றார் டாக்டர். "வயசானவங்க ஏன் விழுறாங்க? குறுக்கே நாய் ஓடும், பந்து உருளும். கண்ணு பார்த்து, மூளைக்குச் சேதி போய், மூளை யோசிச்சுக் காலுக்கு உத்தரவு போடுறதுக்குள்ள ஆள் தரையில கிடப்பார். இந்த மூட்டு மூளையைக் கேட்காது. கணுக்காலைப் பார்த்துத் தாழ்வா, வேகமா எது வந்தாலும் தானே கண்டுபிடிச்சுத் தானே தட்டிவிட்டுரும்."

"கரண்ட் தீந்துபோச்சுன்னா?"

"சாதாரண மூட்டா ஆயிடும். நடக்கலாம், மடக்கலாம். காவல் மட்டும் இருக்காது. ஒரு தடவை சார்ஜ் போட்டா பத்து நாள் நிற்கும்."

அந்த நேரம் பார்த்து, மேடை ஓரத்தில் ஜெபமாலை சிஸ்டர் ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக் காட்டினார். வரலாறு படைக்கிற வேளையில் அட்டைப்பெட்டியைக் கவனிக்க முடியுமா? 'அப்புறம்' என்று டாக்டர் கையசைத்துவிட்டு, மனித குலத்தின் பக்கம் திரும்பினார்.

காவல் மூட்டைச் செய்தவர்கள் வருஷத்தில் பாதிநாள் பனி பெய்கிற ஏதோ ஒரு தேசத்துக்காரர்கள். ஒரு கிழவரின் காலை நோக்கித் தாழ்வாகவும் வேகமாகவும் வரக்கூடியவை எவை என்று பல ஆண்டு ஆராய்ந்து, நாய், பந்து, சக்கர வண்டி என்றெல்லாம் மூட்டுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒரு வளர்ந்த மனிதன், கரைவேட்டி கட்டிக்கொண்டு, ஓடிவந்து, தலையை முன்னால் நீட்டித் தொப்பென்று விழுவான் என்பது அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

கருப்பணன் அப்படித்தான் விழுந்தார்.

உதை கண்ணுக்கே தெரியவில்லை. விறகு பிளக்கிற சத்தம் மட்டும் மைக்கில் கேட்டது. கருப்பணன் மல்லாந்து பறந்து நாற்காலிகளின் மேல் விழுந்தார். தலைவரே ஒரு கணம் தன் காலை வேறு யாருடையதோ போலப் பார்த்தார். கருப்பணன் மெல்ல எழுந்தார். வாய் நிறைய ரத்தம். இரண்டு கையையும் கூப்பினார்.

"தலைவரே... பாக்கியம்" என்றார். 'த' வரவில்லை, காற்றுத்தான் வந்தது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

டாக்டர் உடனே தலைவரின் காதில், "காவலை அணைச்சு வச்சிடலாம் ஐயா" என்றார். அதைச் சொல்லும் நேர்மை அன்று அவரிடம் இருந்தது.

"வேணாம் டாக்டரே" என்றார் தலைவர், கூட்டத்தைப் பார்த்தபடி. "அவன் மொகத்தப் பாத்தீகளா? இருவது வருசமா விழுகுறான். இன்னைக்குத்தான் அவனுக்கு ஏதோ கெடச்சிருக்கு."

கருப்பணன் அந்த வாரமே மாவட்டப் பொறுப்பாளர் ஆனார்.

அதற்குப் பிறகு நடந்ததைத் தமிழ்நாடு அறியும். தலைவர் போன ஊரிலெல்லாம் வரிசை கட்டி விழுந்தார்கள். வரிசை கட்டிப் பறந்தார்கள். மேலூரில் ஒருவருக்குத் தாடை இரண்டாகப் பிளந்தது. வாடிப்பட்டி மகளிரணித் தலைவிக்குக் காறை எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. அந்த அம்மாள் அதை மூடவிடாமல் முதலில் போட்டோ எடுக்கச் சொன்னார். திருமங்கலத்தில் ஒரு முதியவருக்கு உதை நெற்றிப்பொட்டில் விழுந்தது. அவருக்குக் கட்சிக்கொடி போர்த்தி, தலைவரே மலர்வளையம் வைத்தார். அந்த வீட்டுப் பிள்ளைகள் தலைவர் காலில் விழுந்து வணங்கினார்கள். மூத்தவனுக்கு மூக்கு போனது.

'உதைபட்டோர் அணி' என்று கட்சியில் புதிதாக ஒன்று தோன்றியது. சட்டைப்பையில் குத்திக்கொள்ளச் சின்னதாக ஒரு பித்தளைப் பாதம். பல் போனவர்கள் யாரும் பொய்ப்பல் கட்டிக்கொள்வதில்லை. சிரித்தால் தெரிய வேண்டுமல்லவா. உசிலம்பட்டியில் ஒருவர் பல் டாக்டரிடம் போய் நல்ல பற்களைப் பிடுங்கிக்கொண்டு வந்து பாதம் கேட்டார். விஷயம் தெரிந்து அசல் உதைபட்டவர்கள் அவரைச் சந்தையில் வைத்துப் புரட்டி எடுத்ததில், தகுதி தானாக வந்துவிட்டது.

சட்டமன்றம் சும்மா இருக்குமா? உடம்பில் பொருத்திய கருவி தானாகச் செய்யும் செயலுக்கு உடம்புக்காரர் பொறுப்பல்ல என்று ஒரு சட்டம் வந்தது. கருவிதான் செய்தது என்று, பொருத்திய மருத்துவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். டாக்டர் சோலைநாதன் ஒவ்வொரு டிவியிலும் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னார். "இது வன்முறை அல்ல, அனிச்சை" என்பார். அந்தச் சொல் அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. உடைந்த தாடைகளும் தோள்களும் அவருடைய வார்டுக்கே வந்தன. ஒட்டவைத்து அனுப்பினார். ஒட்டவைத்தது ஆறுவதற்குள் மறுபடியும் போய் விழுந்தவர்களும் உண்டு.

தை மாதத்தில் தொடங்கியது இது. ஆடியில் வீரணன் வந்தார்.

வீரணன் செல்லூரில் ஆட்டோ ஓட்டுகிறவர்; கட்சியின் கிளைச் செயலாளர். அவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவரவில்லை. மாலைபோட்டுத் தோளில் தூக்கி, தப்படித்து, ஊர்வலமாகக் கொண்டுவந்தார்கள். சட்டையில் அப்போதுதான் குத்திய பித்தளைப் பாதம் பளபளத்தது. காலையில் தலைவர் வீட்டு வாசலில் உதைபட்டவரைக் கோரிப்பாளையம் சிலையில் இருந்து நாலு மாசி வீதியும் சுற்றிக்காட்டிவிட்டு, அவர் அலறுவதை நிறுத்திய பிறகுதான் கூட்டி வந்திருந்தார்கள். வெயில் சாய்ந்துவிட்டது.

"வலி நின்னுருச்சு டாக்டர். அதுக்குள்ளயே கொணமாயிருச்சு போல" என்றான் தோளில் தூக்கியவன்.

டாக்டர் வேட்டியை விலக்கினார். வலது கால் முட்டியில் முன்பக்கமாக அடிபட்டு உடைந்து, கெண்டைக்கால் ஒரு பக்கம், தொடை ஒரு பக்கம் என்று இரண்டு ஆட்களின் கால்போலக் கிடந்தது. முட்டிக்குப் பின்னால் பலாப்பழம்போல வீக்கம். பாதம் மெழுகு நிறம். தொட்டார். ஆஸ்பத்திரித் தரைபோலச் சில்லென்றிருந்தது. கணுக்காலில் நாடி தேடினார். இல்லை.

பட்டம், ஃப்ளெக்ஸ், அனிச்சை எல்லாம் அந்த நொடியில் அவரை விட்டுப் போயின. நல்ல எலும்பு டாக்டர் ஒருவர் அவருக்குள் எங்கோ மிச்சம் இருந்தார். அவர் வெளியே வந்தார்.

"முட்டிக்குப் பின்னாடி போற பெரிய ரத்தக்குழாய் அறுந்திருக்கு. காலுக்கு ரத்தமே போகல. காலையிலேர்ந்தா? எந்த மடையன்யா மாலை போட்டது? தியேட்டரைத் திற!"

ரத்தக்குழாய் நிபுணர் ஓடி வந்தார். மூட்டை இழுத்துப் பொருத்தி, அது நழுவாமல் வெளியிலிருந்து கம்பி போட்டு இறுக்க வேண்டும். "கம்பி செட்" என்று கையை நீட்டினார் டாக்டர். கம்பி செட் கிடைக்காமல் ஜெபமாலை சிஸ்டர் தடுமாற, டாக்டரே கையுறையோடு போய்த் தியேட்டர் அலமாரியை உதைத்துத் திறந்தார். கம்பி செட் இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. பனி தேசத்து எழுத்து. ஒட்டிய நாடா பிரிக்கப்படவில்லை. மேலே ஒரு முட்டியின் படம். தொடையில் பட்டை ஒன்றைச் சுற்றிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரக் கிழவர் படுத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

காவல் மூட்டின் சார்ஜ் பட்டை.

"அன்னைக்கே குடுத்தேனே சார், மேடையில. அப்புறம்னீங்க" என்றார் சிஸ்டர்.

பத்து நாள் நிற்கும். தையில் பொருத்தியது. ஆடி நடக்கிறது.

யோசிக்க நேரமில்லை. கம்பியை முடுக்கினார். ரத்தக்குழாய் நிபுணர் மற்றொரு காலிலிருந்து ஒரு ரத்தநாளத்தை எடுத்து அறுந்த இடத்தில் வைத்துத் தைத்தார். கிளிப்பை எடுத்ததும் ரத்தம் பாய்ந்தது. போக இடமில்லாமல் திரும்பியது. கெண்டைச் சதையைக் கணுக்கால்வரை நீளமாகக் கீறித் திறந்தார்கள். உயிருள்ள சதை சிவப்பாக இருக்கும், கிள்ளினால் துடிக்கும். இது வேகவைத்த மீன்போல வெளுத்துக் கிடந்தது. டாக்டர் இடுக்கியால் கிள்ளினார். வேறோர் இடத்தில் கிள்ளினார். வெறி பிடித்தவர்போல மேலும் கீழும் கிள்ளிக்கொண்டே போனார். ஒரு நார்கூட அசையவில்லை.

"போதும் சோலை" என்றார் நிபுணர். "விட்டா விஷம் ஏறி ஆளே போயிருவார்."

ரம்பத்தை எடுத்தார்கள். தொடை எலும்பு அறுபடும்போது எழும் வாடை எத்தனை வருஷமானாலும் பழகாது. அறுத்த காலை சிஸ்டர் கையில் வாங்கும்போது, அது ஒரு குழந்தையைப்போலக் கனக்கிறது என்று டாக்டருக்குத் தோன்றியது. அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. இதுவரை வந்தவர்களுக்கெல்லாம் பல், தாடை, மூக்கு, தோள். விழுந்தவனுக்குப் படுகிற இடங்கள். விழுந்து கிடப்பவனுக்கு முட்டியில் எப்படி முன்பக்கமாக அடிபடும்?

வீரணன் நின்றுகொண்டிருந்திருக்கிறார்.

மறுநாள் காலை வீரணன் கண்விழித்தார். போர்வையின் ஒரு பக்கம் தட்டையாக இருப்பதைப் பார்த்தார். பக்கத்தில் மனைவி முத்துப்பேச்சி. செல்லூர்த் தறிக்கூடத்தில் வேலை பார்க்கும் பெண். அழுது முடித்துவிட்டு அடுத்த காரியத்துக்குத் தயாரான முகம்.

"நீங்க விழலையா?" என்று டாக்டர் கேட்டார்.

"முடியலங்கய்யா" என்றார் வீரணன், ஏதோ களவாடிவிட்டு மாட்டிக்கொண்டவர்போல. "ரெண்டு முட்டியும் தேஞ்சுபோச்சு. மடக்குனா உசுரு போகுது. அதான் கும்புட்டு, 'தலைவரே, எனக்கும் முட்டி வலி, விழ முடியல, மன்னிச்சுக்கங்க'ன்னேன். அதுக்குள்ள மெசின் எத்திருச்சு." கொஞ்சம் நிறுத்தி, "மெசின்தானேங்கய்யா? தலைவருக்கு என்மேல கோவம்னு ஒண்ணும் இல்லல்ல?"

"ஆமாய்யா, ஒனக்கு இப்ப அதான் கவல" என்றாள் முத்துப்பேச்சி. "காலத் தூக்கிக் குப்பையில போட்டுட்டாக. இவருக்குத் தலைவர் கோவிச்சுக்கிட்டாரான்னு தெரியணுமாம்."

"ஏய், நீ சும்மா இரு. இருவது வருசம்..."

"இருவது வருசம் என்னத்தக் கண்ட? ஒரு பித்தளக் காலு குடுத்துட்டு சொந்தக் கால வாங்கிக்கிட்டாக." டாக்டர் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. "போலீசுக்குப் போனேன் சார். மெசின் ஒதச்சா கேசு இல்லையாம். டாக்டர் வாயில இருந்து வரணுமாம். எனக்கு வேற ஒண்ணும் வேணாம். ஒதச்சது மெசினா, அவரா? அத மட்டும் சொல்லுங்க."

டாக்டர் வாயைத் திறந்தார். அந்த நேரம் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார் தெய்வேந்திரன். தலைவரின் பி.ஏ. எப்போதும் யாருக்கோ துக்கம் விசாரிக்கப் போகிற வெள்ளை உடுப்பு.

"டாக்டர் சார், சாயங்காலம் டிவிக்கு வழக்கமான ரெண்டு வார்த்த. அனிச்சை" என்றார். வீரணனைப் பார்த்து, "குடுத்து வச்சவன்டா நீ. அணியில கால் குடுத்த மொத ஆளு" என்றார். வீரணன் படுத்தபடியே கையெடுத்துக் கும்பிட்டார்.

டாக்டர் கணக்குப் போட்டுப் பார்த்தார். உண்மையைச் சொல்வதென்றால், உலகத்தின் முதல் காவல் மூட்டுக்குச் சார்ஜரைக் கொடுக்க மறந்த கதையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஃப்ளெக்ஸைக் கழற்ற வேண்டும். சொல்லாவிட்டால்? இடுக்கியில் அசையாத அந்த வெளுத்த சதை கண்முன்னால் வந்தது. "தலைவரைப் பார்த்துட்டு வந்து சொல்றேன்மா" என்றார் முத்துப்பேச்சியிடம். அட்டைப்பெட்டியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு புறப்பட்டார். காரில் போகும்போது தான் பேசப்போவதை ஒத்திகை பார்த்தார். மிக நன்றாக இருந்தது. மனித குலம் என்ற சொல்கூட ஓரிடத்தில் வந்தது.

தலைவர் வீட்டுக் கூடத்தில் நாலு மூலையிலும் கேமரா. தலைவர் எழுவதும் அமர்வதும் கட்சி டிவியில் ஓடிக்கொண்டேயிருக்கும். படம் மட்டும்தான், சத்தம் கிடையாது. சத்தம் இல்லாததை நம்பித்தான் தலைவர் வீட்டில் மனிதர்போலப் பேசுவார்.

டாக்டர் பெட்டியை அவர் முன்னால் மேசைமேல் வைத்தார். நின்றுகொண்டே சொன்னார்.

"ஐயா, இது உங்க மூட்டோட சார்ஜ் பட்டை. தப்பு என்னோடது, கொடுக்க மறந்துட்டேன். உங்க காவல் மூட்டு தை மாசமே செத்துப்போச்சு. இத்தனை மாசமா அது யாரையும் உதைக்கல."

தலைவர் பெட்டியிலிருந்த கிழவரின் படத்தைச் சிறிதுநேரம் ரசித்தார்.

"தெரியுமே" என்றார்.

"தெரியுமா?"

"எங் காலு எனக்குத் தெரியாதா டாக்டரே? பத்து நாளு கழிச்சு ஒரு நா ஒருத்தன் வந்து விழுந்தான். கண்ண இறுக்க மூடிக்கிட்டு, மூஞ்சிய வாகாக் காட்டிக்கிட்டுக் கெடக்கான். நானும் மெசின் ஒதைக்கும்னு காத்திருக்கேன். ஒதைக்கல. அவன் ஒரு கண்ணத் தொறந்து பாத்தான். தனக்கு மட்டும் இல்லையான்னு மொகம் சுண்டிப்போச்சு. அழுதுருவான் போல. சுத்தி அம்புட்டுப் பேரு பாக்குறாய்ங்க. மனசு கேக்கல. ஒதச்சேன்."

"நீங்களேவா?"

"அவனுக்காகத்தான்யா." தலைவர் முகத்தில் உண்மையான இரக்கம் தெரிந்தது. "மொத நாளு பாவமா இருந்துச்சு. ரெண்டாம் நாளு பழகிருச்சு. அப்புறம்... என்னத்தச் சொல்ல. நாப்பது வருசமா அன்பு அன்புன்னு பேசி நாக்கு மரத்துப்போச்சு. ஒரு தாடை ஒடையிற சத்தம் கேட்டா ராத்திரி தூக்கம் நல்லா வருது. ஒங்க முட்டியும் நல்ல முட்டி. வலியே இல்ல."

"வீரணன் விழலையே ஐயா. நின்னாரே."

"அதான்!" தலைவர் நாற்காலிக் கையில் ஓங்கி அடித்தார். "நின்னான். எல்லாம் கெடக்குறாய்ங்க, இவன் மட்டும் நெட்டுக்க நின்னுக்கிட்டு முட்டி வலிங்கிறான். எனக்கு முந்தி வலிக்கலையா? அவன் கைய வச்சு முட்டியக் காட்டுறான், இந்தா இங்கதான் வலின்னு. காட்டுன எடத்துலயே குடுத்தேன்."

டாக்டர் ஒத்திகை பார்த்ததில் இந்த இடத்துக்கு வசனம் இல்லை.

"அந்தக் காலை நான்தான் ஐயா அறுத்தேன்" என்றார் கடைசியில். "அந்தம்மா என்னைக் கேட்கிறாங்க, மெசினா அவரான்னு. நான் உண்மையைச் சொல்லப்போறேன்."

"சொல்லுங்க" என்றார் தலைவர், கோபமே இல்லாமல். "மூட்டு மாமேதை சார்ஜர் குடுக்க மறந்துட்டாருன்னு ஊரே சிரிக்கும். சிரிச்சிட்டுப் போகட்டும். தெய்வேந்திரா, அந்த மருத்துவப் பல்கலைக்கழக விஷயம் என்னாச்சு? துணைவேந்தர் நாற்காலி காலியாத்தான கெடக்கு? எலும்பு தெரிஞ்ச ஆளா ஒருத்தரப் போடலாம்னு முதலமைச்சர்கிட்டச் சொல்லி வச்சிருந்தோம். இப்ப வேற யாரயாச்சும் பாக்கணும் போல."

"பாத்துரலாம் தலைவரே" என்றார் தெய்வேந்திரன்.

"சரி, கெளம்புங்க டாக்டரே. வாசல்ல ஆளுக காத்துக்கிட்டிருக்காய்ங்க."

தலைவர் எழுந்து நின்றார். விடைபெறுகிறவர்கள் அந்தக் கூடத்தில் என்ன செய்வார்களோ அதற்காக, பழக்க தோஷத்தில், வலது காலை லேசாக முன்னால் நகர்த்தி வைத்தார். டாக்டர் வாசலைப் பார்த்தார். காலைப் பார்த்தார். துணைவேந்தர் என்ற சொல் இன்னும் மின்விசிறியோடு சுற்றிக்கொண்டிருந்தது. அவருடைய தேய்ந்த முட்டிகள் இரண்டும் நறநறவென்று சத்தமிட்டன.

அவர் குனிந்தார்.

விறகு பிளக்கிற சத்தத்தை மற்றவர்கள் வெளியிலிருந்து கேட்டிருக்கிறார்கள். உள்ளிருந்து கேட்டால் அது இடி. வாய்க்குள் நாக்கோடு சேர்ந்து ஏதோ பல கற்கள் உருண்டன. கூரை, மின்விசிறி, தெய்வேந்திரனின் வெள்ளை உடுப்பு எல்லாம் தலைகீழாகப் போய்த் திரும்பின. தரையில் கிடந்தபடி அவர் தன் கீழ்த்தாடை எங்கெங்கே முறிந்திருக்கிறது என்று விரலால் தடவிக் கணக்கெடுத்தார். தொழில் புத்தி. வலது பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று. யாரோ குனிந்து அவருடைய சட்டையில் பித்தளைப் பாதம் ஒன்றைக் குத்தினார்கள்.

அவருடைய மருத்துவமனையிலேயே, அவருக்குக் கீழே வேலை பார்க்கும் டாக்டர்கள், மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் சேர்த்துக் கம்பி போட்டுக் கட்டினார்கள். பல வாரம் வாய் திறக்க முடியாது. அவருக்கு மயக்கம் தெளிந்தபோது முத்துப்பேச்சி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் கண் விழிக்கும்வரை காத்திருந்திருக்கிறாள். கட்டிய தாடையைப் பார்த்தாள். ஆணியில் தொங்கிய சட்டையில் பித்தளைப் பாதத்தைப் பார்த்தாள்.

"வந்து சொல்றேன்னீங்க" என்றாள்.

டாக்டர் கையால் எழுதுவதுபோலச் சைகை காட்டினார். சிஸ்டர் ஒரு தாளும் பேனாவும் கொடுத்தார். எழுதினார். வலி ஒருவகையில் மனசாட்சிக்கு உரம்போலும். முந்தின நாள்வரை வராத வரிகள் மளமளவென்று வந்தன. மூட்டு தையிலேயே செத்துவிட்டது. சார்ஜரைக் கொடுக்க மறந்தது நான். உதைத்தது அவர். தெரிந்தே உதைத்தார். என்னிடம் அவரே சொன்னார். அடியில் கையெழுத்தும் போட்டார்.

முத்துப்பேச்சி எழுத்துக் கூட்டி, நிதானமாகப் படித்தாள். அவள் முகத்தில் இரண்டு நாளாக இறுகியிருந்த ஏதோ ஒன்று தளர்ந்தது. பக்கத்து வார்டில் இருக்கும் புருஷனிடம் இதை எப்படிச் சொல்வது என்று அப்போதே யோசிக்கத் தொடங்கியவள்போலக் கொஞ்சநேரம் சுவரைப் பார்த்தாள்.

"ஸ்டேசன்ல இதக் குடுத்தா கேப்பாய்ங்க சார்" என்றாள் பிறகு. "எல்லாம் தெரிஞ்ச மனுசன் எதுக்கு அந்தாளு காலுக்குக் கீழ குனிஞ்சாருன்னு கேப்பாய்ங்க. நானும் கேக்குறேன். எதுக்கு சார் குனிஞ்சீங்க?"

டாக்டர் சோலைநாதன் தாளைத் திரும்ப வாங்கினார். பிறகு, கையெழுத்துக்குக் கீழே தெளிவான எழுத்தில் ஒரு வரி சேர்த்தார்: 'கீழே விழுந்த சார்ஜ் பெட்டியை எடுப்பதற்காகக் குனிந்தேன்.'

அவள் படித்துவிட்டுத் தலையாட்டினாள். தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, போலீஸ் ஸ்டேஷனுக்குப் புறப்பட்டுப் போனாள்.

அங்கே, எழுத்தர் மேசைக்கு மேலே இருந்த டிவியில், தலைவர் வீட்டுக் கூடத்தில் முந்தின நாள் நடந்ததைக் கட்சிச் சானல் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தது. டாக்டர் குனிகிற ஒவ்வொரு தடவையும், பெட்டி மேசைமேல்தான் இருந்தது.